ழகரம் காப்பாற்றிய லீவு

துபாய் விமான நிலையத்தில் என் அப்பாவை வரவேற்க ஒருவர் பலகையோடு நின்றுகொண்டிருந்தார். ‘மிஸ்டர் சுப்பையா’ என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அப்பா காலமாகிப் பல வருடமாகிறது. இருந்த காலத்திலும் பாளையங்கோட்டையை விட்டு மதுரைக்குக் கிளம்புவதென்றாலே ஒரு வாரம் யோசிப்பார். அதனால் அந்தப் பலகையை நான் கண்டுகொள்ளவில்லை. கோமதி என்று எழுதிய பலகையைத் தேடி இரண்டு தடவை அதைக் கடந்து போனேன்.

அப்புறம்தான் பொறி தட்டியது. பாஸ்போர்ட்டில் என் பெயர் கோமதி, குடும்பப் பெயர் சுப்பையா. ஊரில் ‘சு.’ என்று ஒற்றை எழுத்தாக ஒதுங்கிக் கிடந்த மனிதர், வளைகுடாவுக்கு வந்ததும் முழுசாக எழுந்து நின்றுவிட்டார். டிரைவர் பெஷாவர்க்காரர், பெரிய மீசை. “நீங்கள் சுப்பையா சாகிப்பின் மனைவியா?” என்று இந்தியில் கேட்டார். “சுப்பையாவே நான்தான்” என்றேன். ஒரு கணம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “யல்லா”, போகலாம், என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டார். அவருக்கு ரொம்ப நேரமாகக் காத்திருந்த கோபம். காத்திருக்க வைத்தது நானல்ல, என் பெட்டிக்குள் இருந்த முறுக்கு டப்பா மூடிகள்.

தொலைபேசி இலாகாவில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவள் நான். ஓய்வு பெற்றபின், கம்ப்யூட்டர் பிறந்த கதையைப் பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொண்டு திரிகிறேன். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர்கள் ரகசியச் செய்தி அனுப்பிய எனிக்மா என்கிற பெட்டி, அதை உடைத்தவர்கள், உடைப்பதற்காகக் கட்டிய யந்திரங்கள் என்று போகும் கதை. சொல்லிக் காட்ட ஒரு மாதிரியும் செய்து வைத்திருக்கிறேன். மூன்று முறுக்கு டப்பா மூடிகளின் விளிம்பில் ஆங்கில எழுத்துகளை ஒட்டி, ஸ்வெட்டர் பின்னும் ஊசியில் கோத்திருக்கிறேன். ஒரு மூடியைச் சுற்றினால் அடுத்தது நகரும். தமிழ் எழுத்துகளை ஒட்ட ஆசைதான். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தென்றால் மாட்டுவண்டிச் சக்கரம்தான் கொண்டுவர வேண்டும். கூடவே பழைய ரேடியோ வால்வு ஒன்று, காலுறைக்குள் சுற்றி வைத்திருந்தேன்.

இதை வைத்துத் துபாயில் ஒரு பேச்சு நடத்தத்தான் என்னை அழைத்திருந்தார்கள். அண்ணன் மகள் வித்யா அங்கே அல் குசைஸில் குடியிருக்கிறாள். கிளம்பும்போதே போனில் எச்சரித்திருந்தாள். “அத்தை, ஏர்போர்ட்ல சங்கேதம், உளவு, யுத்தம், இந்த மூணு வார்த்தையும் வாயில வரக்கூடாது.” என் பேச்சு முழுக்க அந்த மூன்று வார்த்தைதான்.

டிரைவரைக் காக்க வைத்த சுங்க அதிகாரி வெள்ளை உடையில் இருந்த இளைஞர். காலுறைக்குள் கைவிட்டு வால்வை எடுத்தார். “பழைய ரேடியோ” என்றேன். “வேலை செய்யுமா?” “செய்யாது.” “பிறகு ஏன் இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்?” அந்தக் கேள்வியை ஊரில் என் மருமகளும் கேட்டிருக்கிறாள், அவளுக்கும் பதில் சொல்ல முடிந்ததில்லை. அடுத்து மூடிகளைச் சுற்றிப் பார்த்தார். அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. மறுபடியும் சுற்றினார். நடு மூடி ஊசியிலிருந்து கழன்று, உருண்டோடி, பெட்டிகள் வரும் ரப்பர் பட்டைக்குள் புகுந்தது. வெளியே வரும்போது தோசையாய் மடிந்திருந்தது. அதிகாரி பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். எனக்கும் அழுகை வரும் போலிருந்தது, ஆனாலும் பரவாயில்லை என்று சிரித்து வைத்தேன். நம் ஊர் சுங்கத்தில் மடிந்த மூடிக்கு யாரும் மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் எழுந்ததும் பழக்க தோஷத்தில் அறையின் ஏசியை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். வித்யா ஓடிவந்து மறுபடி போட்டாள். “அத்தை, இங்க ஏசிய நிறுத்துனா அலமாரித் துணியெல்லாம் பூசணம் பூத்துரும். அது பாட்டுக்கு ஓடட்டும்.” கார்த்திகை மாதத்திலுமா என்று கேட்டேன். கார்த்திகை இருப்பது காலண்டரில் மட்டும்தான் என்றாள்.

எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் சொல்லும் கதையின் உயிர்நாடியே இந்த அணைக்காமல் விடுவதுதான். யுத்தத்தின்போது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வால்வுகளை வைத்து ஒரு யந்திரம் கட்டலாம் என்று இங்கிலாந்தில் ஒரு தபால் தந்தி இலாகா இஞ்சினியர் சொன்னார். பெரிய தலைகள் சிரித்தார்கள். வால்வு என்றால் அடிக்கடி பியூஸ் போகும், ஆயிரம் இருந்தால் எப்போதும் ஏதாவது ஒன்று போய்க்கொண்டேதான் இருக்கும் என்றார்கள். இஞ்சினியருக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பழக்கம். போட்டு அணைத்து, போட்டு அணைத்துச் செய்வதால்தான் வால்வு சாகிறது, போட்டதை அணைக்காமல் விட்டால் வருஷக்கணக்கில் உழைக்கும் என்று அவருக்குத் தெரியும். அப்படிப் பிறந்த கொலாசஸ்தான் உலகத்தின் முதல் மின்னணுக் கணினிகளில் ஒன்று. எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் என்ற முறையில் இந்த இடத்தில் மட்டும் என் குரல் கொஞ்சம் உயரும். சாதிப் பெருமை மாதிரி இது இலாகாப் பெருமை.

மத்தியானம் சுகந்தி வந்தாள். பேச்சுக்கு ஏற்பாடு செய்தவள் அவள்தான். யாழ்ப்பாணத்துக்காரி, ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். கடக் சாய் வாங்கித் தந்தாள். ஏலக்காயும் சர்க்கரையும் தேயிலையும் ஒன்றுக்கொன்று சண்டை போடும் டீ. குடித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தாள்.

“அக்கா, கோவிச்சுக்கொள்ளாதேங்கோ. உண்மையச் சொல்லுறன். ஞாயிற்றுக்கிழமை சோனாப்பூர் தொழிலாளர் காம்ப்பிலயிருந்து ஒரு பஸ் நிறைய ஆக்கள் வருவினம். ஆனா அவை பிரியாணிக்குத்தான் வருவினம். நீங்கள் அரை மணித்தியாலத்துக்கு மேல கதைச்சியளெண்டால் பிரியாணி ஆறிப்போம்.”

“நான் ஒரு மணி நேரப் பேச்சுல்லா தயார் பண்ணிட்டு வந்திருக்கேன்.”

“அப்ப யுத்தத்தைக் கெதியா முடிச்சு விடுங்கோ.”

சனிக்கிழமை, மடிந்த மூடிக்கு மாற்று தேடி நானும் சுகந்தியும் தேய்ரா கடைத்தெருவுக்குப் போனோம். மெட்ரோவில் சர்க்கரை இறங்கி வேர்த்துக் கிறுகிறுத்து வந்தது, கைப்பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிலிப்பைன்ஸ் பெண் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். வண்டிக்குள் எதையும் சாப்பிடக்கூடாதாம், அபராதம் போடுவார்களாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் என்னோடு இறங்கி, நான் மிட்டாய் தின்று முடிக்கும்வரை நின்று, அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டாள். சுகந்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, எங்களைத் தெரியாதவள் போல நின்றாள். தேய்ராவில் மூடி மட்டும் தரமாட்டேன் என்றார் கடைக்காரர். எனவே ஒரு டின் பேரீச்சம்பழமும் வாங்கும்படி ஆயிற்று. மூடியில் ஒட்டகப் படம். நாகர்கோவில் முறுக்கு மூடி இரண்டுக்கு நடுவே ஒட்டகம் சுழலும் எனிக்மா அநேகமாக உலகத்தில் இது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஒரு உணவகத்தின் மாடி. கீழேயிருந்து பிரியாணி வாசனை படியேறி வந்து முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டது. சோனாப்பூர் பஸ்ஸில் வந்தவர்கள் குளித்துச் சீவி, இஸ்திரி போட்ட சட்டையோடு இருந்தார்கள். அவர்களோடு வந்திருந்த சூப்பர்வைசர் ஷாஜி, மலையாளி, வாசலில் நின்று போனும் கையுமாக இருந்தார்.

பெயரிலிருந்து ஆரம்பித்தேன். எனிக்மாவில் ஒரு எழுத்தை அழுத்தினால் வேறு எந்த எழுத்து வேண்டுமானாலும் வரும், அதே எழுத்து மட்டும் வராது. வளைகுடாவும் அப்படித்தான், கோமதியை அழுத்தினால் சுப்பையா வருகிறார் என்றேன். சிரிப்பில் மாடி அதிர்ந்தது. ஒவ்வொருவரும் எழுந்து, தான் வேலை பார்க்கும் கட்டட சைட்டில் தன் பெயர் என்னவென்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாம் அப்பா பெயர். அங்கே ஒரு பஸ் நிறைய அப்பாக்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மட்டும் எழவில்லை. மூன்றாம் வரிசை ஓரத்தில் தலையைக் குனிந்தபடி இருந்தார்.

அடுத்து கொலாசஸின் கதை. எனிக்மாவை விடப் பெரிய யந்திரம் ஒன்றையும் ஜெர்மானியத் தளபதிகள் வைத்திருந்தார்கள். அது எப்படி இருக்கும் என்றே எதிரிகளுக்குத் தெரியாது. ஒரு நாள் ஒரு ஆபரேட்டர் மிக நீளமான செய்தி ஒன்றை அனுப்பினான். மறுமுனையில் சரியாக விழவில்லை, மறுபடி அனுப்பு என்றார்கள். அவன் சக்கரங்களை மாற்றி வைக்காமல் அப்படியே அனுப்பினான். அதுகூடப் பெரிதில்லை. இரண்டாம் தடவை அலுப்பில் வார்த்தைகளைச் சுருக்கி அனுப்பினான். ஒரே பூட்டு, கொஞ்சம் வேறான இரண்டு செய்தி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே, கண்ணால் பார்க்காத யந்திரத்தின் உள் அமைப்பை இங்கிலாந்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் கொலாசஸ்.

“நம்ம டைம் கீப்பர் மாதிரி ஆளு போல” என்றது ஒரு குரல்.

“யாரா இருந்தாலும் சரி. செய்தியை மறைச்சிரலாம், கையை மறைக்க முடியாது” என்றேன். ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் ஒரு கை உண்டு. தந்தி அடிக்கும் வேகத்தையும் தயக்கத்தையும் கேட்டே, இது இன்னார் என்று ஒட்டுக் கேட்ட பெண்கள் சொல்லிவிடுவார்கள். யுத்தம் முடிந்ததும் யந்திரங்களை உடைத்துப் போட்டார்கள். அவற்றை ஓட்டிய பெண்கள் பல வருடம், கட்டிய கணவனிடம்கூட மூச்சு விடவில்லை. “நம்ம ரூம்ல ஒருத்தனும் ஒரு நாள் தாங்கமாட்டான்” என்றது அதே குரல்.

பேச்சை முடித்து, கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்டேன். உண்டு, பிரியாணி எப்போது என்றார்கள். சிரித்தபடி மூடிகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் மேடைக்கு வந்தார். பெயர் முத்துராசு. கையில் ஒரு போன்.

“மேடம், இதுவும் ரகசியச் செய்திதான். ஒடைச்சுத் தர முடியுமா?”

கேலி என்றுதான் நினைத்தேன். அவர் முகத்தில் கேலி இல்லை. மூன்றாம் வரிசை ஓரத்து மனிதரைக் காட்டினார்.

“எங்க ரூம் ஆளு, அறிவழகன். சிவகங்கைப் பக்கம். நேத்துக் காலையில இவன் பொண்டாட்டிட்ட இருந்து இது வந்துச்சு. அதோட சரி, ஊர்ல பேய் மழை, கரண்டு மாஃபி, டவர் மாஃபி, எதுவும் இல்ல. யாருக்கு அடிச்சாலும் போகல. தனியா ரூம்ல விட வேணாம்னு இழுத்துட்டு வந்தோம்.”

செய்தி, எல்லாரும் போனில் தட்டுகிற மாதிரி, ஆங்கில எழுத்தில் தமிழ்:

appaku malai potachu. ini appa saami. 2 vela kuli. veetla kari meen illa. nee vara vendam. appuram pesuren

நான் இப்படித்தான் படித்தேன். அப்பாவுக்கு மாலை போட்டாச்சு. இனி அப்பா சாமி. இரண்டு மணி வேளைக்குக் குழி. வீட்டில் கறி மீன் இல்லை. நீ வர வேண்டாம்.

“அடக்கமே முடிஞ்சிருக்கும் மேடம்” என்றார் அறிவழகன். எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. “வந்தும் மொகம் பாக்க முடியாதுன்னுதான் வர வேணாங்குறா.”

“இல்ல மேடம்” என்றார் முத்துராசு. “இது கார்த்திக மாசம். ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பாரு. போட்டவர சாமின்னுதான கூப்புடுவாக. ரெண்டு வேளை குளிக்கணும். வீட்ல கறி மீன் ஆக்கக் கூடாது. அதுக்காக லீவு போட்டு வர வேணாம்னு எழுதிருக்காக. எல்லாம் பொருந்துதுல்ல? சொன்னா இவன் ஒத்துக்க மாட்டேங்குறான்.”

எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அறிவழகன் தலையை ஆட்டினார்.

“எங்கப்பாவப் பத்தி ஒங்களுக்குத் தெரியாது. வாழ்நாள் பூரா கருப்புச் சட்ட. சாமி இல்லன்னு டீக்கடை டீக்கடையாப் போயிச் சண்ட போட்ட ஆளு. கோயில் தேருக்கு வடம் புடிக்கக் கூப்புட்ட பங்காளி கூட இன்னைக்கு வரைக்கும் பேச்சு வார்த்த இல்ல. மாலை போடுறதுக்குச் செத்தே போயிருவாரு.”

அப்பாவின் பெயர் மட்டும் கருப்பையா, ஊர்க்காவல் சாமியின் பெயர். அதற்காகத் தன்னைப் பெற்றவர்களை அவர் திட்டாத நாளில்லையாம். சைட்டில் அறிவழகனுக்கும் அதுதான் பெயர்.

“நேத்து முச்சூடும் கருப்பையா, கருப்பையான்னு கத்திக்கிட்டே இருந்தாய்ங்க மேடம்” என்றார். “என்னத்தான் கூப்புடுறாய்ங்க. ஆனா காதுல வாங்க முடியல.”

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்தப் பெயர் விஷயத்தை வைத்துத்தான் மாடியைச் சிரிக்க வைத்திருந்தேன். எனக்கு மிகவும் சங்கடமாகப் போய்விட்டது.

அதற்குள் ஷாஜி வந்தார். “கருப்பையா, ஆபீசில் நின்னு பின்னேயும் விளிச்சு. டிக்கெட் எடுக்கணோ வேண்டயோ? இப்போள் சொல்லணும்.” ஆபீசிலிருந்து மறுபடி கூப்பிட்டுக் கேட்கிறார்களாம். டிக்கெட் எடுத்தால் இன்றே விமானம். அவசர லீவாகப் போனால், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும் லீவு அதில் தீர்ந்துவிடும். தை மாதம் அறிவழகனின் தங்கைக்குக் கல்யாணம், அதற்குப் போக முடியாது. போகாமல் இருந்து, அப்பா உண்மையாகவே போயிருந்தால், கடைசிக்கும் மகன் பக்கத்தில் இல்லை என்றாகிவிடும்.

“கொஞ்சம் பொறுங்க” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று தெரியாது. நான் மூடிகளைச் சுற்றிக் கதை சொல்கிறவள். யுத்தத்தை உடைத்தவர்கள் வேறு யாரோ.

முத்துராசுதான் வழி காட்டினார். “கைய மறைக்க முடியாதுன்னு சொன்னீகள்ல. செல்வியோட கைய மொதல்ல பாருங்க.”

செல்வி, அறிவழகனின் மனைவி. அவர் அனுப்பிய பழைய செய்திகளைப் படிக்கலாமா என்று கேட்டேன். அறிவழகன் போனை வாங்கி, சிலவற்றை வேகமாகத் தள்ளிவிட்டு, “இதுக்கு மேல படிங்க, கீழ வேணாம்” என்று கொடுத்தார். அந்த நிலையிலும் காது சிவந்தது.

படித்தேன். வீட்டுக் கோழி முட்டையிட்டது, வாழை குலை தள்ளியது, மழை பிடித்துக்கொண்டது, பிள்ளை பழம் தின்ன மாட்டேன் என்கிறது. ஒரே மாதிரியான வீட்டுச் செய்திகள். நாலைந்தைப் படித்ததும் ஒன்று கண்ணில் பட்டது. கோழி, வாழை, மழை, பழம். ழ வந்த இடத்திலெல்லாம் செல்வி இசட் போட்டிருந்தார். ளகரத்துக்கும் லகரத்துக்கும் எல். ழகரத்துக்கு மட்டும் விடாமல் இசட்.

“குழின்னு எழுதணும்னா இவங்க இசட்டுல்லா போட்டிருப்பாங்க” என்றேன். “இங்க எல் இருக்கு. இது குழி இல்ல. குளி. ரெண்டு வேளை குளியல்.”

சுற்றி நின்றவர்கள் மூச்சு விட்டார்கள். சுகந்திதான் முதலில் பேசினாள். “நாங்களெண்டால் குளிக்கிறதைத் தோயிறது எண்டு எழுதியிருப்பம். உங்களுக்கு இவ்வளவு கரைச்சலும் வந்திராது.”

அறிவழகன் மட்டும் போனை வாங்கி, இன்னும் மேலே தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தி என்னிடம் நீட்டினார். பிள்ளை தமிழ்ப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறதாம். தமிழ் என்ற சொல்லில், இசட்டுக்குப் பதில் எல்.

ழகரத்தால் பெயர் பெற்ற ஒரே சொல், அதிலேயே ழ காணாமல் போயிருந்தது. எனக்குத் திக்கென்றது. ஒரு தடவை எல் போட்ட கை, இன்னொரு தடவையும் போடலாம் அல்லவா? பிறகு யோசித்துப் பார்த்தேன். தமிழ் என்பதை ஆங்கிலத்தில் எழுதச் செல்விக்குப் பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது, புத்தக அட்டையில் இருக்கிறது, பேருந்தில் இருக்கிறது. அது பார்த்து எழுதியது. கோழியையும் வாழையையும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவை அவர் காதில் கேட்டு எழுதியவை. குழியும் அப்படித்தான் வந்திருக்கும். இதை அறிவழகனிடம் சொன்னேன். இன்னொன்றும் கேட்டேன்.

“ஊர்ல வேற யாராவது இறந்தப்ப, செல்வி எப்படி எழுதியிருக்காங்க?”

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் போன மாசிக்குத் தவறியிருக்கிறார். தேடிப் பிடித்தோம். ‘தவறிட்டார், எட்டு மணிக்கு எடுக்குறாங்க’ என்று நேராக எழுதியிருந்தார். சாமியும் இல்லை, மாலையும் இல்லை. துக்கத்தைச் சுற்றி வளைத்துச் சொல்கிற கை அல்ல அது.

“ஒங்க ழ மேல நம்பிக்க வெக்கலாமா மேடம்?” என்று கேட்டார் அறிவழகன்.

தப்பாகப் போனால் இந்த மனிதர் வாழ்நாள் முழுக்க என்னை மன்னிக்கக் கூடாது, நானும் என்னை மன்னிக்கக் கூடாது. “என் மேல வைக்காதீங்க” என்றேன். “உங்க வீட்டுக்காரம்மா கை மேல வைங்க. அந்தக் கை உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.”

அவர் திரும்ப ஒரு முறை செய்தியைப் படித்தார். உதடு அசைந்தது. செல்வியின் குரலில் படித்துப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு ஷாஜியிடம் போனார். “டிக்கெட் வேணாம் பாய். கலாஸ்.”

பிரியாணி வந்தது. அறிவழகன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நானும் சாப்பிடவில்லை. பிரியாணி நன்றாக இருந்ததாகச் சுகந்தி பிறகு சொன்னாள், அது ஆறியும் போயிருந்ததாம்.

கை கழுவும் இடத்தில் கூட்டம் குறையத் தொடங்கியபோது அறிவழகனின் போன் முனகியது. பிறகு தொடர்ந்து முனகியது. ஊரில் டவர் வந்துவிட்டது. செல்வியின் எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு. அறிவழகன் அதைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். முத்துராசு கையை நீட்டி அழுத்தினார்.

ஆண் குரல், கரகரப்பு. “ஏப்பா அறிவு. நான்தான் பேசுறேன். செல்வி சொல்லிருச்சாம்ல, சிரிச்சிருப்ப. சிரி. டாக்டர் குடிய நிறுத்துன்னுட்டாரு, ஈரல் போச்சுங்குறாரு. நானும் நிறுத்திப் பாத்தேன், இந்தச் சேக்காளிப் பயலுக விட மாட்டேங்குறாய்ங்க, கையில கிளாசத் திணிக்கிறாய்ங்க. யோசிச்சேன். சாமி இருக்கா இல்லையாங்குறது வேற விசயம், அதுல நான் மாறல. ஆனா மாலை போட்டவன் கையில எவனும் கிளாசக் குடுக்க மாட்டான். அது நெசம். அதான் போட்டுட்டேன். எல்லாப் பயலும் சாமி சாமிங்குறாய்ங்க, அத ஒண்ணுதான் தாங்க முடியல. தையில தங்கச்சி கல்யாணத்துக்கு நீ வர்றப்ப நான் இருக்கணும்ல.”

அறிவழகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. முத்துராசு அவர் முதுகில் கைவைத்தபடி, எங்களைப் பார்த்து அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்க முயலவில்லை. சற்று நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்த அறிவழகன், ஆறிப்போன பிரியாணியைச் சாப்பிட உட்கார்ந்தார்.

“வீட்டுல கறி மீன் கிடையாதுன்னு செய்தி வந்திருக்கே” என்றேன்.

“நான் வீட்ல இல்லையே மேடம்” என்று எலும்பைக் கடித்தார்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. பஸ் கிளம்பும் முன் ஷாஜி படியில் நின்று தலை எண்ணினார். பெயர் கூப்பிடக் கூப்பிட உள்ளேயிருந்து பதில் வந்தது. “மாரிமுத்து?” “இருக்கேன்.” “சண்முகம்?” “இருக்கேன்.” மாரிமுத்து என்பது முத்துராசுவின் அப்பா. நானும் சுகந்தியும் கையாட்டுவதற்காக நடைபாதையில் நின்றிருந்தோம். பேரீச்சம்பழ டின் என் கையில் இருந்தது, மூடி இல்லாமல்.

“கருப்பையா?” என்றார் ஷாஜி.

பதில் வரவில்லை. அவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தி, இன்னும் உரக்கக் கூப்பிட்டார். “கருப்பையா?”

ஜன்னலோரம் அறிவழகன் எழுந்து நின்றார்.

“இருக்காரு” என்றார்.